டிக்கிக்குள்ளிருந்து ஒரு பதில்

தங்கையின் கார் வாசலை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் அக்கா செய்கிற காரியம் ஒன்று உண்டு. வழியனுப்ப வருகிற மற்றவர்கள் ஜன்னல் பக்கம் நின்று "பார்த்துப் போங்க, சேர்ந்ததும் போன் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் காருக்குப் பின்னால் போவார். காய்ச்சல் பார்ப்பதுபோல டிக்கி மூடியின்மேல் இடது உள்ளங்கையை வைப்பார். கொஞ்சம் குனிந்து காதைச் சாய்ப்பார். பிறகு வலது கை நடுவிரலை மடக்கி, கணுவால் இரண்டு தட்டு. டொக், டொக். உடனே காருக்குள்ளிருந்து தங்கை கையை உயர்த்திக் கூரையில் இரண்டு தட்டுவாள். டொக், டொக். மெக்கானிக்கான தங்கை கணவர் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து சிரிப்பார். பின்சீட்டுப் பிள்ளைகள் "டொக்டொக் பெரியம்மா, டாட்டா!" என்று கத்தும். கார் நகர்ந்துவிடும்.

பதில் தட்டு கேட்டதும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கை அசைக்க மாட்டார். கார் தெருமுனை திரும்பும்வரை நிற்கவும் மாட்டார். "அழுத்தக்காரி எங்கக்கா. உள்ள அவ்வளவு பாசம் இருக்கு, ஒரு சொட்டு வெளிய சிந்த மாட்டா" என்று தங்கை காருக்குள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போவாள்.

வீட்டுக்குள் போன அக்கா குழாயைத் திறந்து, தட்டின விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருப்பார். அதை யாரும் பார்த்ததில்லை.

*

ஊருக்கு வெளியே ஒரு காலத்தில் கார்த் தியேட்டர் இருந்தது. கூரை கிடையாது, நாற்காலி கிடையாது. நாலு மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளைத் திரை. அதன் முன்னால் மைதானம் முழுக்க, வரிசை வரிசையாகத் தரையை மேடுதட்டி வைத்திருப்பார்கள். மேட்டின்மேல் முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தினால் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு திரையைப் பார்க்கும். இரண்டு காருக்கு நடுவில் ஓர் இரும்புக் கம்பம். கம்பத்தில் ரொட்டி டப்பா அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் வயரோடு தொங்கும். அதை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் மாட்டிக்கொண்டால் படம் காருக்குள் வந்து பேசும்.

அந்த ஸ்பீக்கர்கள் எல்லாம் அக்காவின் பொறுப்பு. மழையில் நனைந்தது, பூச்சி கூடு கட்டினது, குழந்தைகள் குமிழைப் பிடுங்கினது என்று தினமும் ஒரு கூடை வந்து சேரும். மதியம் முழுக்க வயர்களை ஈயத்தால் பற்றவைப்பார். பழுது பார்த்து முடித்த ஒவ்வொன்றின் முதுகிலும் அடையாளமாக ஒரு சிவப்புப் பொட்டு. தங்கையின் நகச்சாயம் அது. "என் நெயில் பாலிஷ் பூரா உன் டப்பாங்களுக்குத்தான் போவுது. அதுங்க என்ன கல்யாணத்துக்கா போவுதுங்க?" என்று தங்கை சண்டை பிடிப்பாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். அக்காவே தாய், அக்காவே தகப்பன். அக்கா கிழித்த கோட்டைத் தங்கை தாண்டமாட்டாள். அப்படித்தான் அக்கா நம்பிக்கொண்டிருந்தார்.

தியேட்டரில் அவர் பெயர் 'ஸ்பீக்கரு'. வைத்தது சோளப்பொரிக்காரர். பொரி வண்டியும் வாயும் ஒரே நேரத்தில் ஓயாமல் ஓடுகிற ஆள். படம் முடிந்ததும் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் ஸ்பீக்கரைக் கழற்ற மறந்து கிளம்புவார்கள். அதற்காக அக்கா வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் விரல் கணுவால் இரண்டு தட்டுவார். 'ஸ்பீக்கரைக் கம்பத்துல மாட்டிட்டுப் போங்க' என்று அதற்கு அர்த்தம். வாயைத் திறக்க வேண்டியதில்லை.

அந்த இரண்டு தட்டுக்கு இன்னோர் உபயோகமும் இருந்தது. டிக்கெட் வாங்க மனமில்லாதவர்கள் டிக்கிக்குள் படுத்துக்கொண்டு வருவார்கள். வாசலைத் தாண்டி, காரை நிறுத்தி, திரையில் பெயர் ஓடத் தொடங்கினதும் சத்தமில்லாமல் வெளியே வந்து சீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் பின்பக்கம் தாழ்ந்து வருகிற காரை மறைக்க முடியுமா? பொரிக்காரர் கண்ணில்தான் முதலில் படும்.

"ஸ்பீக்கரு, நாலாவது வரிசையில ஒருத்தி பிள்ளைத்தாச்சி! நடையைப் பாரு. பிரசவத்துக்கு வந்திருக்கா!"

அக்கா போய் அந்த டிக்கியில் இரண்டு தட்டுவார். "உள்ள சௌக்கியமா?" என்பார். உள்ளே மயான அமைதி. மூச்சுக்கூட விடமாட்டார்கள். பொரிக்காரர் தூரத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். யாரையும் பிடித்துக் கொடுத்ததில்லை. "ஓசிக்கு வந்தவன் கொஞ்ச நேரம் வேகட்டும். அதுதான் டிக்கெட்" என்பது தியேட்டர்காரர்களின் நியாயம்.

ஒருவரும் திருப்பித் தட்டினதில்லை. அந்த ஒரு ராத்திரிவரை.

*

படம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. எடுத்த எடுப்பில் ஒரு வீடு பற்றி எரிகிற காட்சி. மைதானம் முழுக்கச் சிவப்பு. வேலியை ஒட்டிய கடைசி வரிசையில், பக்கத்தில் வேறு காரே இல்லாமல் ஒன்று தனியாக நின்றது. பின்பக்கம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "அதோ பாரு, நிறைமாசம்!" என்று பொரிக்காரர் கைகாட்டிவிட்டு வேறு பக்கம் போனார். அக்கா போனார்.

ஜன்னலில் ஸ்பீக்கர் மாட்டியிருந்தது. பேசிக்கொண்டிருந்தது. காருக்குள் யாரும் இல்லை. ஓட்டிவந்தவன் கழிவறைக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போலப் பின்னால் போய்த் தட்டினார். டொக், டொக்.

உள்ளேயிருந்து, டொக், டொக்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தைரியசாலிதான் என்று நினைத்தார். அடுத்த கணம் தட்டல் வேகமெடுத்தது. விரலால் தட்டினது போய், உள்ளங்கையால் அடித்தது. தகரம் அதிர்ந்தது. அக்கா குனிந்து, டிக்கியின் இடுக்கருகே வாய்வைத்து, எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னார்:

"இரு, இரு. என்ன அவசரம்? இன்னும் கொஞ்சம் வேகு!"

தட்டல் நின்றது. குறையாமல், தளராமல், வயரை வெட்டினாற்போல அப்படியே நின்றது. பிறகு ஒரு சத்தம். விக்குவதுபோல, யாரோ யாருடைய வாயையோ பொத்தினாற்போல.

அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனார். அங்கே ஒரு ஸ்பீக்கர் கரகரப்பதாக ஒருவர் கூப்பிட்டார். அதன் திருகாணியை முடுக்கும்போதுதான் பின்னால் என்ஜின் சத்தம் கேட்டது. திரும்பினார். அந்தக் கார் விளக்குப் போடாமல் பின்வாங்கியது. ஸ்பீக்கர் ஜன்னலிலேயே இருந்தது. வயர் நீண்டு விறைத்து, பட்டென்று அறுந்தது. கம்பம் ஆடியது. வேலியில் இருந்த சந்து வழியாக, பள்ளத்தை ஒட்டிய மண்பாதையில் கார் போய் மறைந்தது. அதற்குள் திரையில் மழை பெய்ய ஆரம்பித்து, மைதானம் முழுக்க நீலமாகியிருந்தது. போகும்போது அது நீலக் காராக இருந்தது. தட்டும்போது சிவப்புக் கார்.

யாரும் இல்லாத காரை யார் ஓட்டிப் போனது?

மேனேஜரிடம் ஓடினார். அவர் பல்குத்திக்கொண்டே கேட்டார். "டிக்கியில தட்டுறவன் ஓசிக் கேஸு. அதைவிடு. அறுந்த ஸ்பீக்கருக்கு என்ன பதில்?"

போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போனார். படியில் கால் வைக்குமுன் மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். என்ன கலர் கார்? தெரியாது. நம்பர்? பார்க்கவில்லை. ஓட்டினது யார்? யாரும் இல்லை. உள்ளே இருந்தது ஆணா பெண்ணா? தெரியாது. நீ என்ன செய்தாய்? வேகு என்று சொன்னேன். கடைசிப் பதிலைத் தன் வாயால் சொல்ல முடியாது என்று தெரிந்ததும் திரும்பி நடந்தார்.

வீட்டில் தங்கை தலையோடு போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "என்னடி?" என்றதற்கு "தலைவலிக்கா" என்றாள். நெற்றியைத் தொட்டுப்பார்த்தார். வியர்வை. அருகில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லலாமா என்று வாயெடுத்தார். பயந்த பிள்ளை, உடம்பு வேறு சரியில்லை, எதற்கு என்று விட்டுவிட்டார். அன்று விட்டதை அப்புறம் எடுக்கவே முடியவில்லை.

*

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அக்காவுக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் காதில்தான். குழாயில் காற்று அடைத்தால் தட்டல். பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால் தட்டல். பேப்பரில் 'காணவில்லை' என்று வருகிற படங்களை வெகுநேரம் பார்ப்பார். முகத்தைப் பார்க்கமாட்டார். தோளைப் பார்ப்பார். இந்தத் தோள் ஒரு டிக்கிக்குள் மடங்குமா என்று.

இரண்டு தட்டுக்குப் பதில் சொன்ன அந்த ஆள் பிழைத்ததா, இல்லையா? அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். செத்ததாகத் தெரிந்தால்கூட அழுது தீர்த்துவிடலாம். தெரியாததற்கு எப்படி அழுவது?

அடுத்த வருஷமே தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, சந்தைத் தெருவில் இருந்த கார்ப் பட்டறையில் வேலை செய்த பையன். பெண் கேட்டு வந்தபோது தலை நிமிராமல், காலால் தரையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். "ஏன் தம்பி, என்னைப் பார்த்தா இவ்வளவு பயமா?" என்று அக்கா கேட்டதற்கு, "உங்களைத் தெரியும்க்கா" என்று மட்டும் சொன்னான். தியேட்டருக்கு வந்துபோகிறவனாக இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து கார் கிளம்பியபோதுதான் அந்தப் பழக்கம் தொடங்கியது. அக்கா திட்டமிடவில்லை. அவர் மனதில் ஒரு பயம் மட்டும் எழுந்தது: இவ்வளவு பேர் கூடிச் சிரிக்கிற சத்தத்தில், பின்னால் யாராவது அடைபட்டிருந்தால் யாருக்குக் கேட்கும்? கை தானாகப் போய்த் தட்டியது. டொக், டொக். காருக்குள்ளிருந்து பதில் வந்தது. டொக், டொக். அக்கா பக்கத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கையும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரிப்பது தெரிந்தது. கல்யாணச் சந்தோஷம் என்று நினைத்தார்.

பதில் தட்டுவது உயிரோடிருக்கிற தங்கை என்று அவர் மனதுக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை. தட்டாமல் அனுப்பவும் முடியவில்லை. ஒருமுறை, பொறுக்கமாட்டாமல், "இனிமே நீ திருப்பித் தட்டாதேடி" என்று சொல்லிப்பார்த்தார்.

"ஆரம்பிச்சது யாரு? நானா? நீதானே!" என்றாள் தங்கை. கண்ணைச் சிமிட்டினாள். கல்யாண நாளைச் சொல்கிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

*

வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் மைதானத்தில் கார்கள் குறைந்தன. ஒரு பெருமழையில் திரையின் ஒரு மூலை கிழிந்தது. அதைத் தைக்க யாரும் வரவில்லை. தியேட்டர் மூடினது என்று ஒரு நாளைச் சொல்லமுடியாது. திறக்காமல் போயிற்று, அவ்வளவுதான்.

அக்கா காது மெஷின் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மெஷினைச் சுத்தம் செய்வது, பேட்டரி மாற்றுவது, மாட்டிக் காட்டுவது. புது மெஷின் மாட்டினவரைச் சுவர்ப்பக்கம் பார்த்து உட்காரவைத்து, பின்னால் நின்று மேசையில் இரண்டு தட்டுவார். "கேக்குதா?" கேட்டால் கை தூக்க வேண்டும். சிலர் சந்தோஷத்தில் கண்கலங்கி, திரும்பி, தாங்களும் மேசையில் தட்டிக் காட்டுவார்கள். அவர்களை அவரால் பார்க்க முடியாது. பேட்டரி எடுக்கிற சாக்கில் உள்ளறைக்குப் போய்விடுவார்.

பல வருஷம் காடாகக் கிடந்த மைதானத்தை ஒரு கிடங்குக் கம்பெனி வாங்கிவிட்டது, மண்வெட்டும் இயந்திரம் வந்து நிற்கிறது என்ற சேதி கடைக்கு வந்த யாரோ சொல்லித்தான் தெரிந்தது. மறுநாளே மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கிளம்பிப் போனார். அதன்பிறகு தினமும்.

தகரத் தடுப்புக்கு வெளியே நிற்பார். திரையின் எலும்புக்கூடு மட்டும் மிச்சம் இருந்தது. மேடுகளை ஒவ்வொரு வரிசையாகச் சீவிக்கொண்டே வந்தார்கள். இயந்திரக்காரருக்கு அவரைப் பார்த்துப் பழகிப்போயிற்று.

"என்னம்மா, தினம் வர்றீங்க? புதையல் ஏதாச்சும் புதைச்சு வெச்சிருக்கீங்களா? சொல்லிட்டா பாதிப் பாதி!"

"கிடைச்சா முழுசும் நீயே வெச்சுக்க தம்பி. என்னன்னு மட்டும் காட்டிட்டு வெச்சுக்க."

எதிர்ச்சாரியில் டீக்கடை போட்டிருந்தவர் வேறு யாருமில்லை, பழைய பொரிக்காரர்தான். தலை நரைத்திருந்தது, வாய் நரைக்கவில்லை. "ஸ்பீக்கரு! நீயா நிக்கிறே? நான் பழைய கம்பம் ஒண்ணு மிச்சமாயிருக்குன்னுல்ல நெனச்சேன்!" என்று டீயைக் கொண்டுவந்து கையில் திணித்தார். சில நாள் சிரித்துப் பேசினார். ஒருநாள் சிரிக்காமல் கேட்டார்.

"என்னம்மா தேடுறே?"

தடுப்பைப் பார்த்தபடியே அக்கா எல்லாவற்றையும், அந்தக் கார் வேலிப் பள்ளத்துப் பக்கம் போய் மறைந்ததுவரை, சொன்னார். வாழ்க்கையில் முதல்முறை. சொல்லி முடித்து, "நான் பேசினதும்தான் அண்ணே நின்னுச்சு. அதுவரைக்கும் தட்டிக்கிட்டேதான் இருந்துச்சு" என்றார்.

பொரிக்காரர் தடுப்புக்குள் அந்தக் கடைசி வரிசையைப் பார்த்தார். "நான்தானே கைகாட்டினேன்" என்றார். "நிறைமாசம்னு நான்தானே சொன்னேன்."

கடைசி வரிசையை வெட்டின அன்று இருவரும் நின்றிருந்தார்கள். வேலிப் பள்ளத்தில் இயந்திரத்தின் கை இறங்கியபோது கிரீச்சென்று தகரம் உரசியது. வளைந்த, மண் ஒட்டிய, அகலமான தகரம். அக்கா தடுப்பின் சந்தில் நுழைந்து ஓடினார். "யம்மா! வராதீங்க! யாருய்யா அது, புடிங்க!" என்று இயந்திரக்காரர் கத்தி, இயந்திரத்தை அணைத்தார்.

அக்கா மண்ணில் மண்டியிட்டார். உள்ளங்கையை அந்தத் தகரத்தின்மேல் வைத்தார். குனிந்தார். காதைச் சாய்த்தார். இரண்டு தட்டினார்.

மைதானத்தில் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்று தெரியாமலே எல்லாரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள்.

தகரத்தைப் புரட்டினார்கள். கீழே வெறும் மண். தகரத்தின் மறுபக்கம், அழிந்தும் அழியாமலும் எழுத்து இருந்தது: 'கிளம்பும் முன் ஸ்பீக்கரைக் கழற்றவும்.'

"பதில் இல்ல" என்றார் அக்கா எழுந்து. முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். நிம்மதியா, ஏமாற்றமா என்று பொரிக்காரரால் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் திரையைச் சாய்த்தார்கள். பிறகு மைதானம் முழுக்கக் கான்கிரீட் ஊற்றினார்கள். "மூடிட்டாங்க அண்ணே. இனிமே யாரும் சொல்லமாட்டாங்க" என்று சொல்லி, டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே அக்கா இறந்துபோனார். கடையில், மேசைமேல் ஒரு காதை வைத்துப் படுத்தாற்போல. மெஷின் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், தட்டல் வரும் வரும் என்று வெகுநேரம் காத்திருந்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாராம்.

*

துக்கம் கேட்கப் போன பொரிக்காரர், மனசு கேட்காமல், தங்கையிடம் அந்த விஷயத்தைச் சொன்னார். "உங்கக்கா கடைசிவரைக்கும் அந்த டிக்கியில இருந்த ஜீவனை நெனச்சே உருகிப்போச்சும்மா. எலும்பாவது கிடைக்குமான்னு வேலியில வந்து நின்னுச்சு."

"எந்த டிக்கி?" என்றாள் தங்கை.

அவர் சொன்னார். எரிகிற வீடு, கடைசி வரிசை, திருப்பித் தட்டினது, அறுந்த வயர். பாதியிலேயே தங்கை கணவர் எழுந்து பரண்மேல் ஏறினார். பழைய துணிக்குள் சுற்றிவைத்திருந்த ஒன்றை எடுத்துவந்து நடுக்கூடத்தில் வைத்தார். வயர் அறுந்த ஸ்பீக்கர். முதுகில் சிவப்புப் பொட்டு.

அக்காவுக்குத் தெரியாமல் இருவரும் பழகிக்கொண்டிருந்த காலம் அது. வாசல் காவலாளிக்குத் தங்கையைத் தெரியும் என்பதால் கணவர்தான் அவளை டிக்கிக்குள் ஒளித்துக் கூட்டிப்போனாராம். பட்டறைக்கு வந்த யாருடைய காரோ. படம் ஆரம்பித்ததும் இரண்டு தட்டு தட்டுகிறேன், நீ இரண்டு தட்டு, திறக்கிறேன் என்று பேச்சு. அதற்குள் அக்கா வருவதைக் கண்ணாடியில் பார்த்து, ஸ்டியரிங்குக்கு அடியில் சுருண்டுவிட்டார். அக்கா நகர்ந்ததும், பயத்தில் ஸ்பீக்கரைக் கழற்றக்கூட மறந்து காரை எடுத்துவிட்டாராம்.

"அவளுக்குத் தெரியும்னுதான் அண்ணே நெனச்சோம்" என்றாள் தங்கை. "கல்யாணத்தன்னிக்கு வந்து தட்டினாளே! 'கள்ளி, எனக்கு எல்லாம் தெரியும்டி'ன்னு சொல்றான்னு நெனச்சோம். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்றான்னு..."

பொரிக்காரருக்கு ஒன்றுதான் கேட்கவேண்டியிருந்தது. அவ்வளவு வேகமாகத் தட்டினாயே, ஏன் சட்டென்று நிறுத்தினாய்?

"உள்ள ஒரே இருட்டு. அவர் தெறக்கலைன்னதும் பயந்துபோய் அடிச்சேன். அப்போ அக்கா குரல் கேட்டுச்சு. 'இன்னும் கொஞ்சம் வேகு'ன்னா. அக்காதான் வெளிய நிக்கிறான்னு தெரிஞ்சதும் பயமெல்லாம் போயிடுச்சு. சிரிப்பு தாங்கலை அண்ணே. ஸ்வெட்டர் கையை வாயில திணிச்சுக்கிட்டேன்."